நானூற்றுப் பதின்மூன்றாவது கோப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பழைய கட்டடத்துக்கு வந்தபோது வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. பயப்படுவதற்கு எந்த முகாந்திரமும் இல்லாத வெயில். மருத்துவமனை முழுவதும் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த புதுக் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது. கட்டில்கள் போயின, சக்கர நாற்காலிகள் போயின, சுவர்க் கடிகாரம்கூடப் போய்விட்டது. அது மாட்டியிருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. தரைத்தளத்தின் கடைசி அறையில் ஒரு பழைய சர்வர்தான் மிச்சம்.

அதைக் காலி செய்யத்தான் அவள் வந்திருந்தாள். அவளை எல்லோரும் ‘சர்வர் மேடம்’ என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு அவளிடம் இரண்டு டீ சொன்ன நோயாளி வீட்டாரும் உண்டு. கணினிப் பிரிவுக்கு இப்போது அவள்தான் தலைமை. அந்த நாற்காலி அவளுக்கு எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மென்று விழுங்கியிருப்பாள்.

வேலை எளிதுதான். பழைய சர்வரில் உள்ள மூன்று டெராபைட் ஸ்கேன் படங்களைக் கேபிள் வழியே புது சர்வருக்கு அனுப்ப வேண்டும். இதற்கு மவுஸ் தேவையில்லை, படங்களைச் சொடுக்கும் வேலையும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: எங்கிருந்து, எங்கே, எப்படி. அடித்துவிட்டு என்டரைத் தட்டினால் கோப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகும். நாளைக் காலை டிஸ்குகளை நொறுக்கும் ஆட்கள் வருகிறார்கள். அதற்குப் பிறகு இந்த அறை வெறும் அறைதான் என்று நினைத்தபோது அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது.

அறைக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. ஜன்னல் கிடையாது. விசிறிகளின் உறுமல், பச்சை விளக்குகளின் சிமிட்டல், சூடான தூசியின் வாசம். இரண்டு மேசைகள். அவள் தன் பழைய மேசையிலேயே உட்கார்ந்தாள். இன்னொரு மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

புதுக் கட்டடத்தில் நெட்வொர்க்காரர் காத்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“ரெடி மேடம். உங்க புது சர்வர் வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்கு. ஊட்டி விடுங்க.”

“அனுப்பறேன். வர ஆரம்பிச்சதும் சொல்லுங்க.”

வரியை அடித்தாள். என்டரைத் தட்டினாள். கோப்புகளின் பெயர்கள் திரையில் விறுவிறுவென்று ஓடி நின்றன. கடைசி வரியைப் படித்ததும் அவள் நெற்றி சுருங்கியது.

ஒத்திகை மட்டும். எதுவும் அனுப்பப்படவில்லை.

அந்தக் கட்டளையில் அப்படி ஒரு வசதி உண்டு. ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தால், எதையும் தொடாமல், நிஜமாக ஓட்டினால் என்னென்ன நடக்கும் என்று பட்டியல் மட்டும் போட்டுக் காட்டும். அவள் அந்தச் சொல்லைச் சேர்க்கவில்லை. அவள் என்றைக்குமே சேர்த்ததில்லை.

சேர்க்கிறவர் வேறொருவர்.

அவருக்குப் பெயரே ‘ஒத்திகை’ என்று ஆகிவிட்டிருந்தது. அவளுக்கு ஒத்திகை அண்ணன். பத்துக் கோப்பு அனுப்புவதற்குக்கூட முதலில் ஒத்திகை ஓட்டி, வரும் பட்டியலை உதடு அசையப் படித்து முடித்த பிறகுதான் நிஜ வரியை அடிப்பார். அதுவும் இரண்டே விரல்களால். “அண்ணே, வீட்டுக்குப் போறதுக்கும் ஒரு ஒத்திகை பாப்பீங்களா?” என்று அவள் சீண்டுவாள். “சிரிம்மா, சிரி. அனுப்பினது திரும்பி வரும். அழிச்சது வராது” என்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. போகும் கோப்புகள் எல்லாம் முதலில் அங்கே ஒரு மறைவான மூலையில் சேர வேண்டும்; கடைசிக் கோப்பும் வந்த பிறகுதான் மொத்தமாக வெளியே வர வேண்டும் என்று கட்டளையிலேயே எழுதிவிடுவார். நடுவில் அறுந்துபோனால் எதுவுமே வராது. வந்தால் முழுசு, இல்லையென்றால் ஒன்றுமில்லை.

இந்தக் கட்டடத்தின் மாடியில்தான் தொண்டை வார்டு இருந்தது. குரல்வளையை எடுத்துவிட வேண்டிய நோயாளிகள், அறுவைக்கு முன்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து தங்கள் குரலைப் பதிவு செய்து வைப்பார்கள். எண்கள், வீட்டார் பெயர்கள், தினமும் பேசும் பேச்சு. நானூற்றுப் பன்னிரண்டு பேரின் குரல்கள் சேர்ந்திருந்தன. அதில் இருநூற்று ஏழாவது அண்ணனின் மனைவியுடையது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், குரல்கள் இருந்த டிஸ்க் பழுதாகிப் புது டிஸ்க் மாட்டியிருந்தார்கள். நகல் இன்னொரு சர்வரில் பத்திரமாக இருந்தது. அந்த நகலைப் புது டிஸ்குக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் ஒத்திகை ஓட்டிப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து அழைப்பு வந்தது. மனைவியின் தொண்டைக்குக் கட்டு மாற்றுகிறார்கள்.

“வந்து அனுப்பறேன்மா. தொடாதீங்க.”

ஒரு குடும்பம் குரலுக்காகக் காத்திருக்கிறது என்று டாக்டர் மூன்று முறை போன் செய்துவிட்டார். அவள் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பெயரில் திறந்து கிடந்த திரையில் தன் கை வேகத்துக்கு ஒரு வரி அடித்தாள். அங்கே இருப்பதும் இங்கே இருப்பதும் ஒன்றுபோல ஆக வேண்டும், கூடுதலாக இருப்பதை அழித்துவிடு என்றும் சேர்த்தாள். ஆனால் ‘எங்கிருந்து’ என்பதையும் ‘எங்கே’ என்பதையும் இடம் மாற்றி அடித்துவிட்டாள்.

காலி டிஸ்கைப் பார்த்து, நிறைந்திருந்த டிஸ்க் தன்னையும் காலியாக்கிக்கொண்டது. பதினோரு நொடி.

அவள் திரையில் இருந்த வரிகளை அழித்துவிட்டுத் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். யாரிடமும் மூச்சுக் காட்டவில்லை.

விசாரணையில் சர்வரின் பதிவேடு அண்ணனின் பெயரைச் சொன்னது. கேமரா பதிவைப் பார்க்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அவர்தான் வேண்டாம் என்றார். “என் பேர்ல இருக்கு. அப்போ நான்தான் செஞ்சிருப்பேன். ஞாபகம்தான் வரல.” ஒத்திகை இல்லாமல் ஒரு விரலைக்கூட அசைக்காத மனிதர், தன் கையாலேயே மனைவியின் குரலை அழித்துவிட்டதாக நம்பிவிட்டார். வேலை போயிற்று. எட்டு மாதத்தில் ஆளும் போய்விட்டார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கு அவருடைய பதவியைக் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள்.

“மேடம்? இங்க ஒண்ணும் வரலயே.”

“இருங்க. எங்கயோ தப்பா அடிச்சிட்டேன்.”

வரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். ஒத்திகைக்கான சொல் இல்லை. மறுபடி என்டரைத் தட்டினாள்.

இந்த முறை பெயர்கள் ஓடவில்லை. ஊர்ந்தன.

குரல் 001.

குரல் 002.

குரல் 003.

அப்படி ஒரு கோப்பு இந்த சர்வரில் இல்லை. எந்த சர்வரிலும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சதவீதம் ஏறி, நூறைத் தொட்டு, அடுத்த பெயர் வந்தது. வந்த வேகத்தைப் பார்த்தால், யாரோ ஒருவர் உதடு அசையப் படித்து முடித்த பிறகுதான் அடுத்த வரி வருவதுபோல இருந்தது.

விசிறிகளின் உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது. மெல்லிய முணுமுணுப்பு.

அது அவளுக்குப் பின்னால் இருந்த மேசையிலிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. நூறு வந்தது. இருநூறு வந்தது. இருநூற்று ஏழில் முணுமுணுப்பு நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் இருநூற்று எட்டு வந்தது.

“அங்க எதாவது வர்றது தெரியுதா?” என்று போனில் கிசுகிசுத்தாள்.

“இல்ல மேடம். ஏன் இவ்ளோ மெதுவாப் பேசறீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

கோப்புகள் அண்ணனின் அந்த மறைவான மூலையில்தான் சேர்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்தாள். பயத்தையும் மீறி ஒரு நப்பாசை நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் திரும்பி வருகிறார்களா? தான் செய்தது இல்லாமலே போய்விடுமா? யாருக்கும் எதுவும் தெரியாமலே எல்லாம் சரியாகிவிடுமா?

நானூற்றுப் பன்னிரண்டு முடிந்தது. அதோடு நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

நானூற்றுப் பதின்மூன்றாவது கோப்பு குரல் அல்ல. ‘கேமரா, சர்வர் அறை’ என்று இருந்தது. பக்கத்தில் தேதி. அதே தேதி, அதே மதியம். முப்பது நாளில் தானாக அழிந்துபோயிருக்க வேண்டிய பதிவு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் மறைவான மூலையில் காத்திருக்கின்றன. இந்தக் கடைசிக் கோப்பும் போய்ச் சேர்ந்தால்தான் நானூற்றுப் பன்னிரண்டு குரல்களும் வெளியே வரும். இது போனால், புதுக் கட்டடத்தில் திரைமுன் உட்கார்ந்திருக்கும் நெட்வொர்க்காரர் பார்ப்பார். அண்ணனின் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார். இதை நிறுத்தினால் அவள் பத்திரம். குரல்கள் போனது போனதுதான்.

நாற்பது சதவீதம். அறுபது.

அவளுக்கு வேலை நினைவுக்கு வந்தது. பெயர் நினைவுக்கு வந்தது. வீட்டில், உறவில், வராந்தாவில் எதிர்ப்படும் ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது. குரல் போன நானூற்றுப் பன்னிரண்டு பேர் நினைவுக்கு வந்தார்களா என்றால், வந்தார்கள். கொஞ்சம் தாமதமாக வந்தார்கள்.

தொண்ணூற்றெட்டு.

கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினாள். அனுப்புதலை நடுவிலேயே முறித்துவிட்டாள்.

திரை அப்படியே நின்றது. பின்னால் யாரோ மூச்சை வெளியே விட்டார்கள். கோபமாக அல்ல. எதிர்பார்த்ததுதான் என்பதுபோல.

பிறகு ஒரே ஒரு வரி வந்தது.

ஒத்திகை மட்டும். எதுவும் அனுப்பப்படவில்லை.

அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெட்கம் என்றால் என்னவென்று அந்தக் குளிர் அறையில் தனியாக உட்கார்ந்து தெரிந்துகொண்டாள். ஒன்றரை வருடமாகத் தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தாள்: அன்றைக்குப் பதற்றம், யோசிக்க நேரமில்லை, இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் நிச்சயமாக உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்த இன்னொரு வாய்ப்பு இப்போதுதான் வந்தது. தொண்ணூற்றெட்டு சதவீதம் வரை யோசிக்க நேரமும் கொடுத்தது. மறுபடி அதையேதான் செய்தாள்.

டக்.

கையை எடுத்தாள். திரையில் ஓர் எழுத்து வந்திருந்தது.

டக். டக்.

அவள் விசைப்பலகையை யாரும் தொடவில்லை. சத்தம் பின்னால் இருந்து வந்தது. இரண்டு விரல்களின் வேகம்தான். நடுவில் ஒரு முறை நின்று, யோசித்து, மறுபடி தொடர்ந்தது. எங்கிருந்து, எங்கே, எப்படி, எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தன. அழி என்ற சொல் இல்லை. ஒத்திகை என்ற சொல்லும் இல்லை.

வரி முடிந்தது. கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது. என்டரை மட்டும் அவர் தட்டவில்லை.

“அண்ணே,” என்றாள். “நான் ரொம்பக் கேவலமானவ அண்ணே.”

கர்சர் சிமிட்டியது.

அவள் விரலைக் கொண்டுபோய் வைத்தாள். மாட்டேன் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டினாள்.

இந்த முறை எதுவும் ஊரவில்லை. நிஜமான அனுப்புதல் எப்படி ஓடுமோ அப்படி ஓடியது. அவள் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் தானே உட்கார்ந்துகொண்டாள். தன் கைகளை நம்ப அவளுக்கு இனி தைரியம் இல்லை.

கடைசிக் கோப்பு தொண்ணூற்றெட்டைத் தாண்டியது. நூறு.

“வந்துடுச்சு மேடம்!” என்றது போன். “ஆனா இது ஸ்கேன் இல்லயே. குரல்னு ஒரு ஃபோல்டர்... மேடம், இது அந்தக் குரல்களா? அன்னிக்குப் போச்சே, அதா? அய்யோ, எங்க கெடைச்சுது உங்களுக்கு? இதென்ன கடைசில ஒரு வீடியோ...”

அவள் காத்திருந்தாள். பதினோரு நொடியைவிட அது அதிகமாக இருந்தது.

“இது நீங்களா?” என்றார். மேடம் என்ற சொல் அதில் இல்லை.

“நான்தான்.”

“அண்ணன் சீட்லயா?”

“ஆமா. அவர் மேல போயிருந்தார். நான்தான் செஞ்சேன். அவர் எதுவும் செய்யல.”

“அவர் சாவுக்கு நாம ரெண்டு பேரும் ஒரே கார்ல போனோம்,” என்றார் நெட்வொர்க்காரர். போனை வைத்துவிட்டார்.

பின்மேசையில் சத்தம் இல்லை. அவள் எழுந்து வெளியே போகும்போதும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. புதுக் கட்டடத்துக்குப் போய், நெட்வொர்க்காரர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல், இருநூற்று ஏழாவது கோப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள். அவரும் அவளைத் தடுக்கவில்லை.

அண்ணனின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. மதிய வெயில் படிக்கட்டு முழுக்கக் கிடந்தது. நடந்தபோதெல்லாம் தன் காலடிக்குச் சற்றுப் பின்னால் இன்னொரு காலடி வருவதாக அவளுக்குத் தோன்றியது. எதிரொலி என்று சொல்லிக்கொண்டாள்.

அண்ணனின் மனைவி கதவைத் திறந்தாள். ஒரு காலத்தில் மருத்துவமனை ஒலிபெருக்கியில் டோக்கன் எண்களைக் கூப்பிட்ட குரல் அவளுடையது. முகம் தெரியாதவர்களுக்கும் அந்தக் குரலைத் தெரியும். இப்போது கழுத்தில் ஒரு சின்னத் துணி மறைப்பு. மூச்சு அதன் வழியாகத்தான் போய் வந்தது. கையில் ஒரு சிலேட் வைத்திருந்தாள்.

‘வாம்மா. என்ன திடீர்னு?’ என்று எழுதிக் காட்டினாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள முடியாமல் இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அண்ணி, உக்காருங்க. நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு என்ன வேணா செய்யுங்க.”

சொன்னாள். எதையும் விடவில்லை. இன்று காலை நடுவில் முறித்து, இரண்டாம் முறையும் தன்னையே காப்பாற்றிக்கொள்ளப் பார்த்ததை முதற்கொண்டு சொன்னாள். அழக் கூடாது என்று நினைத்து வந்திருந்தாள். அழுதால் அண்ணி தேற்ற வந்துவிடுவாளோ என்ற பயம். அப்படியும் அழுதாள். அண்ணி தேற்ற வரவில்லை.

சுண்ணக்கட்டி வெகுநேரம் சிலேட்டின்மேல் நின்றது. பிறகு எழுதியது.

‘எட்டு மாசம். அவர் சாகற வரைக்கும் நான் அவருக்கு ஒரு வரி எழுதலை.’

துடைத்தாள். மறுபடி எழுதினாள்.

‘சிலேட்டைக் கொண்டுவந்து கையில குடுப்பார். திருப்பி வெச்சிடுவேன்.’

மன்னிப்புக் கேட்க வந்தவள், கேட்க வாய் வராமல் உட்கார்ந்திருந்தாள். பென் டிரைவை மேசைமேல் இருந்த மடிக்கணினியில் செருகி, கோப்பைத் திறந்தாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு,” என்றது அந்தப் பழைய குரல். தெளிவாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “இதெல்லாம் எதுக்குங்க, நம்பரா பேசப் போறேன் வீட்டுல? சரி, வீட்டுப் பேச்சா? ம்ம்... ஏங்க, வந்துட்டீங்களா? கதவச் சாத்திட்டு வாங்க.”

பின்னால் வாசற்கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அண்ணி தலையைத் தூக்கினாள். அவள் கண்கள் இவளைத் தாண்டி, இவள் தோளுக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில் போய் நின்றன. முகத்தில் பயம் இல்லை. மெதுவாகச் சிலேட்டைச் சுத்தமாகத் துடைத்தாள். குனிந்து எழுத ஆரம்பித்தாள். ஓரம்வரை எழுதினாள், இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கி எழுதினாள்.

எழுதி முடித்ததும் சிலேட்டைத் தூக்கிப் பிடித்தாள். இவளுக்கு அல்ல. இவளுக்குப் பின்னால்.

இவளுக்குத் தெரிந்தது சிலேட்டின் விளிம்பு மட்டும்தான். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. யாரோ உதடு அசையப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் அண்ணி சிலேட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு தலையை ஆட்டினாள். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த மெத்தை, பாரம் ஏறி, மெல்ல அமுங்கியது.